பைபாஸுக்கு முன் இதயத் தசையைப் பார்க்க எம்.ஆர்.ஐ.யா, பெட் ஸ்கேனா?

கேள்வி: அப்பாவுக்கு மாரடைப்பு வந்து சில மாதங்கள் ஆகின்றன. எக்கோவில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 30 சதவீதம், மூன்று ரத்தக்குழாய்களிலும் அடைப்பு. பைபாஸுக்கு முன் தசைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு மருத்துவர் எம்.ஆர்.ஐ. என்கிறார், இன்னொருவர் பெட் ஸ்கேன் என்கிறார். அப்பாவுக்குச் சர்க்கரை நோயும் உண்டு. எதை எடுப்பது?

பதில்: எக்கோவில் அசையாத தசையெல்லாம் செத்த தசை அல்ல. ரத்தம் போதாததால் வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரோடு இருக்கும் தசையும் அப்படித்தான் தெரியும். ரத்தம் திரும்பக் கிடைத்தால் அது மீண்டும் சுருங்கலாம். தழும்பான தசை சுருங்காது.

சிறுநீரகம் நன்றாக இருந்து, எம்.ஆர்.ஐ.க்கு ஒவ்வாத பேஸ்மேக்கர் எதுவும் இல்லையென்றால், உங்கள் அப்பாவுக்கு நான் முதலில் சொல்வது எம்.ஆர்.ஐ.தான். காடோலினியம் என்ற நிறமேற்றும் மருந்தைச் செலுத்திப் பத்து நிமிடம் கழித்துப் படமெடுத்தால் தழும்பு வெள்ளையாகவும் நல்ல தசை கறுப்பாகவும் தெரியும். சுவரின் தடிமனில் தழும்பு 25 சதவீதத்துக்குள் இருந்தால் தசை தேற நல்ல வாய்ப்பு உண்டு. 75 சதவீதத்தைத் தாண்டினால் வாய்ப்பு மிகக் குறைவு. சிக்கல் 50 சதவீதத்தை ஒட்டிய இடங்களில்தான். அங்கே, இதயத்தைத் தூண்டும் டோபுடமைன் மருந்தைக் கொடுத்தபடி எடுக்கும் எக்கோ கைகொடுக்கும்: குறைந்த அளவு மருந்தில் தசை நன்றாகச் சுருங்கி, அளவைக் கூட்டியதும் தளர்ந்தால், அது காப்பாற்றக்கூடிய தசை. ஆனால் படம் தெளிவாகக் கிடைக்க வேண்டும், பார்ப்பவருக்குப் பழக்கமும் வேண்டும்.

கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸ் போன்ற பொருளைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனும் நம்பகமானதே. ரத்த ஓட்டம் குறைந்த இடத்திலும் தசை குளுக்கோஸை உறிஞ்சினால் அதற்கு உயிர் இருக்கிறது என்று பொருள். சர்க்கரை நோயாளிகளுக்கு இங்கேதான் தொல்லை. இதயத் தசை குளுக்கோஸைச் சரியாக ஏற்காமல் படம் கெட்டுப்போகும். இன்சுலின் கொடுத்துத் தயார்செய்யும் பழக்கம் அந்த மையத்தில் உண்டா என்று கேளுங்கள். தாலியம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் தாலியம் ஸ்கேன் பல இடங்களில் கிடைக்கிறது. ஆனால் உட்சுவரில் மெல்லிதாக இருக்கும் தழும்பு அதில் தவறிப்போகலாம், கதிர்வீச்சும் அதிகம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ளவர்களை வைத்து நடந்த ஸ்டிச் ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட பைபாஸும் செய்துகொண்டவர்கள் பத்து ஆண்டு முடிவில் கூடுதலாக உயிர் பிழைத்திருந்தார்கள். ஆனால் யாருக்குப் பலன் கிடைக்கும் என்பதை உயிர்த்தசைப் பரிசோதனையால் பிரித்துக் காட்ட முடியவில்லை என்று அதன் 2011, 2019 அறிக்கைகள் சொல்கின்றன. ஆகவே "தசை செத்துவிட்டது" என்ற ஒற்றை அறிக்கையை வைத்து அறுவை சிகிச்சையைக் கைவிட வேண்டாம். எந்தக் குழாய் எந்தப் பகுதிக்கு ரத்தம் தருகிறது, அந்தப் பகுதியில் தழும்பு எவ்வளவு என்பதைப் படத்தைக் காட்டி விளக்கும்படி அறுவை சிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள்.