வெயில் நாள்ல நாயைக் கூட்டிட்டு மலை ஏறலாமா?

தாராளமா போலாங்க, நானும் எங்க வீட்டு கருப்பனும் போயிட்டுதான் இருக்கோம். ஆனா எங்க நிக்கணும், எப்ப திரும்பணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும், நாய் பண்ணாது. நாம நடக்குற வரைக்கும் அதுவும் வரும், முடியலன்னாலும் வரும். "அது பாட்டுக்கு ஜாலியா ஓடுது, அதுக்கென்ன"ன்னு சொல்றவங்களைக் கண்டாலே எனக்கு எரிச்சலா வரும்.

நமக்கு உடம்பு பூரா வேர்க்குது, நாய்க்கு பாதத்துலதான் கொஞ்சம் வேர்க்கும், மத்தபடி மூச்சிரைச்சுத்தான் சூட்டை வெளிய தள்ளியாகணும். சாதாரணமாவே அது உடம்பு சூடு 38லேந்து 39 டிகிரி செல்சியஸ் இருக்கும், 41 தாண்டிச்சுன்னா உயிருக்கே ஆபத்து. அதனால ஏறும்போது நான் வியூவை விட அவன் நாக்கைத்தான் அதிகம் பாப்பேன். முதல்ல சும்மா நுனி மட்டும் எட்டிப் பாக்கும், சூடு ஏற ஏற நீண்டு, நுனி அகலமாகி, ஓரம் மேல சுருண்டு கரண்டி மாதிரி ஆயிரும், அந்த ஸ்டேஜ் வந்தா உச்சி இன்னும் பத்தடிதான்னாலும் சரி, நிழல்ல உக்காந்துருவோம். தண்ணியும் ஒரேடியா ஊத்தாம கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி.

அதையும் தாண்டி எச்சில் கொழகொழன்னு நூலா தொங்குது, ஈறு ரத்தச் சிவப்பாகுது, நடை தள்ளாடுதுன்னா அது ஹீட் ஸ்ட்ரோக். அங்கயே நிழல்ல வச்சு, இருக்குற தண்ணியெல்லாம் உடம்புல ஊத்தி விசிறி விடுங்க, குளிர்விச்சுட்டே டாக்டர்கிட்ட ஓடுங்க.

மலைல ஒரு ஏமாத்து வேலை இருக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினா சுமார் 6 டிகிரி குறையும், காத்து வேற ஜில்லுன்னு அடிக்கும், நமக்கு சூடே தெரியாது, ஷூ வேற போட்டிருப்போம். ஆனா வெயில்ல கிடக்குற பாறை கொதிக்கும், அதுமேல வெறுங்கால்ல நடக்குறது அவன்தான். புறங்கையை பாறைல வச்சுப் பாருங்க, ஏழு செகண்ட் தாங்கலன்னா அவனுக்கும் அது வேண்டாம், புல்லு இருக்குற ஓரமா போங்க, இல்ல விடியக்காலைலயே ஏறி வெயில் உறைக்குறதுக்குள்ள இறங்கிருங்க, நாங்க அப்படித்தான்.

பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாயா இருந்தா வெயில்ல மலையெல்லாம் யோசிக்கவே வேணாம், அதுங்களுக்கு சும்மா இருந்தாலே மூச்சு வாங்கும். குட்டிங்களும் வேணாம், எலும்பு வளரட்டும்.

மோந்து பாக்க விடுங்க ப்ளீஸ், இழுத்துட்டே போகாதீங்க. கருப்பன் ஒரே புதர்ல அஞ்சு நிமிஷம் நிப்பான், ஒவ்வொரு இலையா அடிலேந்து மேல வரைக்கும் படிப்பான், எனக்கும் மூச்சு வாங்க டைம் கிடைக்கும்.

இறங்கும்போது லீஷ் கட்டாயம், சரிவுல அது இழுத்தா ரெண்டு பேரும் உருளணும். வீட்டுக்கு வந்ததும் காது மடிப்பு, அக்குள், விரல் இடுக்கெல்லாம் தடவிப் பாருங்க, உண்ணி இருந்தா ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க, நசுக்கிராதீங்க.