மூன்று பக்க நடுக்கம்

கேள்வி: கடலில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களில் நானும் ஒருத்தி. அடுத்த மாதம் இராமநாதபுரத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் எங்கள் குழுவுக்காக நான் பேச வேண்டும். மூன்று பக்கம் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் நினைத்தாலே நாக்கு வறண்டு கை நடுங்குகிறது. உறவினர் ஒருவர் படபடப்புக்கு மாத்திரை தந்திருக்கிறார். போட்டுக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, மண்டபம்

பதில்: மாத்திரையை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். படபடப்பைத் தணிக்கத் தரப்படும் மாத்திரைகளில் சில, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தாகவே முடியும். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர், உறவினர் அல்லர்.

நீங்கள் பயப்படுவது கூட்டத்துக்கு அல்ல, அந்த மூன்று பக்கங்களுக்குத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. ஒரு சொல் விட்டுப்போனால் அடுத்த வரி வராது என்பது உங்களுக்கே தெரியும். அப்புறம் கை நடுங்காமல் என்ன செய்யும்?

1897 ஜனவரி 26 அன்று உங்கள் ஊருக்கு எதிரே பாம்பனில் வந்து இறங்கி, இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியின் வரவேற்பைப் பெற்ற விவேகானந்தர், அதற்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன் சிகாகோ மேடையில், நெஞ்சு படபடத்து நாக்கு உலர்ந்துபோனதால் காலையில் பேசத் துணியாமல் பிற்பகல் வரை தள்ளிப்போட்டதை, தம் சென்னைச் சீடர் அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். மற்றவர்கள் எல்லாம் உரையை ஆயத்தம் செய்துகொண்டு வந்திருந்தார்கள், தம்மிடம் ஒன்றுமில்லை என்றும் அதில் நொந்துகொள்கிறார். (அதற்காக நீங்களும் வெறுங்கையோடு போக வேண்டாம், அவர் விவேகானந்தர்.)

அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்தால் இதயம் வேகமெடுக்கும், எச்சில் வற்றும். அதை அதட்டி நிறுத்த முடியாது. உள்ளே இடிக்கிற இடி, எதிரே இருப்பவருக்குக் கால்வாசிகூடத் தெரிவதில்லை என்பதே ஆறுதல். மூச்சைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மூழ்கி எழுந்ததும் வத்தைப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு சீராகும்வரை நிற்பீர்களே, மைக் முன்னாலும் அவ்வளவு நேரம் நின்று, மூச்சை மெதுவாக வெளியே விட்டுவிட்டு வாயைத் திறவுங்கள். யாரும் எழுந்து போய்விட மாட்டார்கள்.

மூன்று பக்கத்தைக் கிழித்துவிட்டு, கேட்க வேண்டிய கோரிக்கைகளை மட்டும் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மனப்பாடமாக இருக்க வேண்டியது முதல் வாக்கியம் மட்டுமே. அதிலும் "பெருமதிப்பிற்குரிய" வேண்டாம். ஒரு வணக்கம் போதும். ஒரு கிலோ மரிக்கொழுந்துப் பாசிக்கு எத்தனை முறை மூழ்க வேண்டியிருக்கிறது, வியாபாரி என்ன விலை தருகிறார் என்பதைச் சொல்லித் தொடங்குங்கள்.