நியூ ஜெர்சி மாமாவும் சிங்கப்பூர் அக்காவும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அண்மையில் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக் கல்யாணம். நியூ ஜெர்சியில் குடியுரிமை பெற்றுவிட்ட மாமாவும், சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்ட அக்காவும் வந்திருந்தார்கள். பந்தி முடிந்ததும் பேச்சு தேர்தல் பக்கம் திரும்பியது. 2024 இல் டிரம்புக்கு வாக்களித்ததாக மாமா சொன்னார். கமலா ஹாரிஸின் தாயார் தமிழ்ப் பெண் ஆயிற்றே என்றேன். "மளிகைக் கடைக்கு நீயா போகிறாய்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். 2023 அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்னத்துக்கு வாக்களித்த அக்காவிடம் காரணம் கேட்டால், "அந்த முகத்தைப் பார்த்தாலே நம்பிக்கை வருகிறது" என்கிறார். இருவரும் பட்டதாரிகள். ஒருவரும் தேர்தல் அறிக்கையில் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. விலைவாசியும் முகமும் போதும் என்றால் இத்தனை விவாதமும் பிரசாரமும் எதற்கு? வாக்களிக்குமுன் ஒரு சிறிய தேர்வாவது வைக்கக் கூடாதா? அடுத்த பொதுத் தேர்தலில் நான் முதன்முறையாக வாக்களிக்கப் போகிறேன். வேட்பாளரைப் பார்ப்பதா, கட்சியைப் பார்ப்பதா என்றும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர் (பெயர் வேண்டாம், மாமா படிப்பார்)

அன்புள்ள தம்பி,

தேர்வு வைக்கும் யோசனையை முதலில் குப்பையில் போட்டுவிடுவோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அப்படி ஒன்று இருந்தது. எழுத்தறிவுத் தேர்வு என்று பெயர். கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்குள் விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. 1965 இல் வந்த வாக்குரிமைச் சட்டம் அதற்கு முடிவுகட்டியது. நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955 இல் மலாயாவின் முதல் பொதுத் தேர்தலில் கூட்டணிக் கட்சி 52 தொகுதிகளில் 51ஐ வென்றது. அதன் பாய்மரக் கப்பல் சின்னத்துக்கு வாக்களித்தவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். ஆனால் சுதந்திரத்தை யார் சீக்கிரம் வாங்கித் தருவார்கள் என்ற கேள்வி அவர்களுக்கு நன்றாகவே விளங்கியிருந்தது.

நான் சொல்ல நினைப்பதும் இதைத்தான். வேட்பாளர்களில் யார் சிறந்தவர் என்று வாக்காளர் பொதுவாகத் தேடுவதில்லை. அவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு எந்தப் பெயர் விடையாகும் என்று பார்க்கிறார். உங்கள் மாமாவின் கேள்வி வேறு, அக்காவின் கேள்வி வேறு. இருவரும் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதில்தான் உங்களுக்குக் கோபம்.

மாமாவின் கேள்வி பழையது. 1980 அக்டோபர் விவாதத்தில், பதவியில் இருந்த ஜிம்மி கார்ட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ரீகன் மக்களிடம் கேட்டார்: நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா? தேர்தல் அந்த இடத்திலேயே பாதி முடிந்துவிட்டது. 2022 ஜூனில் அமெரிக்காவின் பணவீக்கம் 9.1 விழுக்காடு. 2024 தேர்தல் சமயத்தில் அது 3 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. நிலைமை சீராகிவிட்டது என்று ஆளும் தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் பணவீக்கம் குறைந்தது என்றால் விலை இன்னும் ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். ஏறிய விலை இறங்கவில்லை. முட்டை வாங்கப் போகிறவருக்கு இது தெரியும், புள்ளிவிவரம் வாசிக்கிறவர் மறந்துவிடுவார். துணை அதிபராக இருந்த ஹாரிஸ் அந்தக் கணக்கிலிருந்து தப்ப வழியில்லை. திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில், அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர்க் கோயிலில், பூசை நடந்தது. நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் படங்கள் சுற்றிச் சுற்றி வந்தன. பாசம் நமக்கு, வாரச் செலவு மாமாவுக்கு.

ஆனால் மாமாவை நான் முழுதாக விட்டுவிடவும் மாட்டேன். விலையை ஏற்றியவர்களைத் தண்டித்தார், சரி. மாற்றாக வருகிறவர் இறக்குமதிகள்மேல் பெரும் வரி போடப்போவதாக மேடைக்கு மேடை சொன்னாரே, அந்த வரி கடைசியில் யார் தலையில் விழும் என்று கேட்டாரா? கேட்டிருந்தால் அவருடைய மளிகைக் கடை வாதம் அவ்வளவு எளிதாக எழுந்து போயிருக்காது. இன்னொரு சங்கதியும் உண்டு. அமெரிக்க அதிபரை முடிவு செய்வது மாநிலங்களின் தேர்வாளர் வாக்குகள்; நியூ ஜெர்சியில் முந்துகிறவருக்கே அத்தனையும். அங்கே 14 தேர்வாளர் வாக்குகளும் ஹாரிஸுக்கே போயின. மாமாவின் வாக்கால் டிரம்புக்கு ஒரு தேர்வாளர்கூடக் கூடவில்லை. இதை அடுத்த கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு வருவோம். முகம் பார்த்து வாக்களிப்பது உண்மையிலேயே நடக்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் டொடோரொவ் குழு 2005 இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்க செனட் தேர்தல்களில் மோதிய இருவரின் படங்களை, அவர்களை அறியாதவர்களிடம் காட்டி, யார் திறமைசாலியாகத் தெரிகிறார் என்று கேட்டார்கள். சுட்டிக்காட்டப்பட்ட முகம் ஏறக்குறைய 70 விழுக்காட்டுத் தேர்தல்களில் வென்றவரின் முகமாக இருந்தது. கவலைப்பட வேண்டிய செய்தி இது. ஆனால் உங்கள் அக்கா பார்த்தது அறியாத முகத்தையா? தர்மன் 2001 இலிருந்து 2023 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். நிதியமைச்சராக இருந்தார், துணைப் பிரதமராக இருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்த வேலையைத்தான் அக்கா 'முகம்' என்கிறார், அவ்வளவுதான். மேலும், சிங்கப்பூர் அதிபர் நாட்டை ஆள்பவர் இல்லை. சேமிப்பு நிதியை அரசாங்கம் எடுக்க முனைந்தால் தடுக்கலாம். முக்கிய நியமனங்களை மறுக்கலாம். அந்தப் பதவிக்கு நிற்பவர் வீடு தருகிறேன், வேலை தருகிறேன் என்று வாக்குறுதி கொடுக்கவே முடியாது. ஆளை நம்பலாமா என்பதைத் தவிர அங்கே கேட்பதற்கு அதிகம் இல்லை. அக்கா பதவிக்குப் பொருத்தமான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்.

அதே பதவிக்கு 2011 இல் நடந்த தேர்தலைப் பாருங்கள். ஆளுங்கட்சியிலிருந்து வந்த டோனி டான் ஏழாயிரத்துச் சொச்சம் வாக்குகளில்தான் பிழைத்தார். அந்த ஆண்டு மே மாதப் பொதுத் தேர்தலில் ஆளுங்கட்சி நன்றாக அடி வாங்கியிருந்தது. ஆகவே ஆளுங்கட்சியிலிருந்து இவர் எவ்வளவு தூரம் என்ற கேள்வியோடு பலர் வரிசையில் நின்றார்கள். 2023 இல் தர்மனும் ஆளுங்கட்சியிலிருந்து அப்போதுதான் விலகியவர். ஆனால் இந்த முறை அந்தக் கேள்வி எடுபடவில்லை. சீனர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் அன்னாசிப்பழச் சின்னத்தில் நின்ற தமிழருக்கு 70.4 விழுக்காடு.

எனக்கு இதில் மிகப் பெரிய பாடமாகத் தெரிவது இலங்கைதான். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அனுர குமார திசாநாயக்க பெற்றது 3.16 விழுக்காடு. அந்த ஆண்டு ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்திருந்தன. நம்மை யார் காப்பார் என்பதே தென்னிலங்கையின் கேள்வி. விடை கோத்தபய ராஜபக்ச, 52.25 விழுக்காடு. பிறகு 2022. அரசாங்கம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் கைவிரித்தது. எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் நாள்கணக்கில் வரிசை. ஜூலையில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். காப்பவர் நாட்டைவிட்டே ஓடினார். 2024 செப்டம்பரில் கேள்வி மாறியிருந்தது: இந்தக் குடும்பங்களோடும் பழைய கட்சிகளோடும் ஒட்டாதவர் யார்? அனுரவுக்கு 42.31 விழுக்காடு. பாதியைத் தொடாததால், அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணி அவரை அறிவித்தார்கள். ஐந்தாண்டில் அவருடைய முகம் மாறிவிடவில்லை, பேச்சும் பெரிதாக மாறவில்லை. 3 எப்படி 42 ஆயிற்று என்பதை வேட்பாளரை மட்டும் ஆராய்ந்து விளக்கிவிட முடியாது.

வடக்கில் இன்னும் வேடிக்கை. அந்த ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் அனுர பின்தங்கினார். தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் வெல்லமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தார்கள். நாங்கள் இருக்கிறோம் என்று பதிவுசெய்வது அவர்களின் நோக்கம். இரண்டே மாதத்தில், நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில், அதே யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 இடங்களில் 3 அனுரவின் கூட்டணிக்குப் போயின. வாக்காளர் குழம்பிவிட்டார் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் தேர்தலில் வாக்காளர் தன்னைப் பற்றிப் பேசினார். இரண்டாவதில், வந்துவிட்ட அரசாங்கத்தோடு எப்படிப் பழகுவது என்றும் சொந்தக் கட்சிக்காரர்களின் சண்டையை எத்தனை நாள் பொறுப்பது என்றும் யோசித்தார்.

பிரசாரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1940 இல் ஒஹையோவின் ஈரி மாவட்டத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளரின் குழு, அதே மக்களை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்தது. பெரும்பாலோர் பிரசாரம் சூடுபிடிக்குமுன்பே முடிவெடுத்திருந்தார்கள். மனம் மாறிய சிலரிடம் வானொலியையும் செய்தித்தாளையும்விடப் பக்கத்து மனிதர்களின் பேச்சுதான் அதிகம் வேலை செய்தது. பந்தி முடிந்த பிறகு நீங்கள் கிளப்பிய சண்டை வீண்போகாது.

இனி உங்கள் வாக்கு. நமக்கு அதிபர் தேர்தல் கிடையாது. மாமன்னரை ஆட்சியாளர்கள் மன்றம் தேர்ந்தெடுக்கிறது. பிரதமர் நாடாளுமன்றப் பெரும்பான்மையிலிருந்து வருகிறார். ஆனாலும் 2022 நவம்பரில் இங்கே பினாங்கில், பாசார் தெருவின் கடைகளில் நான் கேட்டதெல்லாம் பிரதமர் பதவிக்கு அன்வாரா, முஹிடினா என்ற பேச்சுதான். தொகுதி வேட்பாளரின் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் விழித்தார்கள். 19 ஆம் தேதி வாக்களித்தோம். 222 இடங்களில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. 24 ஆம் தேதி அன்வார் பதவியேற்கும்வரை காத்திருந்தோம். அந்த ஐந்து நாள் முடிவில் வாக்காளருக்குப் பங்கே இல்லை.

ஆகவே கட்சியைப் பாருங்கள் என்பேன். அதோடு நின்றுவிடாதீர்கள். 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, தானாகக் கட்சி மாறும் உறுப்பினர் தொகுதியை இழக்கிறார். ஆனால் கட்சியே மொத்தமாக வேறு கூட்டணிக்குப் போனால் அந்தச் சட்டம் தடுக்காது. கட்சி நீக்கிவிட்ட உறுப்பினரும் இடத்தில் நீடிக்கலாம். உங்கள் தொகுதியில் கைகுலுக்க வருகிறவரிடம் தேர்தல் அறிக்கையைப் பற்றிக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் உங்கள் கட்சி யாரோடு சேரும், யாரோடு எந்த நிலையிலும் சேராது என்று கேளுங்கள். பதிலைக் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து