கருப்பைக் கட்டிக்குள் காவல் செல்கள்: கேள்வி பதில்

கருப்பையின் உட்சவ்வில் வரும் புற்றுநோயில், கட்டிக்குள் நுழைந்துவிட்ட நோய் எதிர்ப்பு செல்களின் மரபணுக்கள் எப்படி இயங்குகின்றன என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆய்வகத்தில் கட்டித் திசுவைப் பிரித்து, வரும் தரவோடு மல்லுக்கட்டுகிற ஆள். சிகிச்சை முடிவுகளை உங்கள் ஆன்காலஜிஸ்டிடம்தான் கேட்க வேண்டும்.

மலர்விழி: அக்கா, எல்லா செல்லிலும் ஒரே மரபணுக்கள்தானே? அப்புறம் "மரபணு செயல்பாடு" என்று தனியாக என்ன இருக்கிறது?

ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரே பஞ்சாங்கம்தான் தொங்குகிறது. கல்யாணம் வைத்திருப்பவர் முகூர்த்த நாளைப் பார்ப்பார், ஊருக்குக் கிளம்புகிறவர் ராகு காலத்தைப் பார்ப்பார். செல்லும் அப்படித்தான். டி.என்.ஏ. ஏறக்குறைய ஒன்றே என்றாலும், இந்த நேரத்தில் எந்தப் பகுதியை நகல் எடுக்கிறது என்பதுதான் அதன் வேலையைக் காட்டும். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. நோய் எதிர்ப்பு செல்களில் ஒரு வகையான டி செல்லில் பெர்ஃபோரின், கிரான்சைம் பி இரண்டின் நகலும் நிறைய இருந்தால், அது கொல்லத் தயாராக நிற்கிறது என்று பொருள். பெர்ஃபோரின் எதிரி செல்லில் ஓட்டை போடும், கிரான்சைம் அதற்குள் போய் வேலையை முடிக்கும்.

செந்தில்: ஒரு கட்டியில் லட்சக்கணக்கான செல்கள். தனித்தனியாக எப்படிப் படிக்கிறீர்கள்?

அறுவை அரங்கிலிருந்து சுண்டைக்காய் அளவுத் துண்டு ஐஸில் வரும். அதைக் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கி, கொலாஜினேஸ் போன்ற நொதியில் 37 டிகிரியில் ஊறவைத்து, சல்லடையில் வடிகட்டுவோம். நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டால் செத்த செல் நீலமாகிவிடும், உயிருள்ளது நிறமேறாமல் நிற்கும். உயிருள்ளவை போதுமான அளவு இருந்தால் கருவிக்கு அனுப்புவோம். அது எண்ணெய்க்குள் குட்டிக் குட்டி நீர்த்துளிகளை உண்டாக்கி, துளிக்கு ஒரு செல்லும் பாசிமணி போன்ற ஒரு நுண்ணிய உருண்டையும் விழும்படி செய்யும். அந்த மணியில் ஒட்டியிருக்கும் பார்கோடு அந்த செல்லிலிருந்து பிடித்த ஆர்.என்.ஏ.க்களில் பதிந்துவிடும். அப்புறம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து எழுத்து வரிசையைப் படித்தாலும், எது எந்த செல்லிலிருந்து வந்தது என்று கணினி பிரித்துவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் வருடம் என் தரவில் டி செல்கள் எல்லாவற்றிலும் ஃபாஸ், ஜூன் என்ற இரண்டு மரபணுக்கள் கொழுந்துவிட்டு எரிந்தன. பெரிய கண்டுபிடிப்பு என்று படம் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் சீனியர் படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "37 டிகிரியில எத்தனை நிமிஷம் வெச்சே?" என்று மட்டும் கேட்டார். சூட்டிலும் நொதியிலும் செல் மிரண்டு போனால் அந்த மரபணுக்கள் ஏறும். நான் பார்த்தது கட்டியை அல்ல, என் கைவேலையை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் கதை இதற்கு நேர்மாறு. அவற்றில் ஆர்.என்.ஏ.வே குறைவு, அதைச் சிதைக்கும் நொதி அதிகம். அதனால் கட்டியில் இருந்தாலும் தரவில் பாதி காணாமல் போய்விடும்.

ஷாலினி: பயாப்ஸி ரிப்போர்ட்டில் பி53, எம்.எம்.ஆர். என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறையவே உண்டு. 2013இல் அமெரிக்காவின் கேன்சர் ஜினோம் அட்லஸ் குழு 373 கட்டிகளை ஆராய்ந்து, இந்தப் புற்றுநோயை நான்கு வகையாகப் பிரித்தது. 2023இல் சர்வதேச மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ, நோயின் நிலையைக் குறிக்கும் முறையிலேயே இந்த மூலக்கூறு வகைகளைச் சேர்த்துக்கொண்டது.

முதல் வகையில் போலி என்ற மரபணு பழுது. (பெயர்தான் போலி, மரபணு அசல்.) டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது பிழை திருத்துவது அதன் வேலை. அது கெட்டால் கட்டியில் பிழைகள் மலைபோலக் குவியும். சுமார் 7 சதவீதக் கட்டிகள் இப்படி. இரண்டாவது, எம்.எம்.ஆர். என்ற பழுதுபார்க்கும் அமைப்பு கெட்டது. நூற்றுக்கு 28 பேர் இந்த வகை. பிழை கூடக் கூட, உடம்புக்கு அந்நியமாகத் தெரியும் புரதத் துண்டுகளும் கூடும். டி செல்கள் மோப்பம் பிடித்து உள்ளே வரும். போலி வகைக் கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால் பயங்கரமாகத் தெரியும், ஆனால் நோயாளிகள் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார்கள். மூன்றாவது, செல் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் பி53 கெட்ட வகை. இதில் பொதுவாக டி செல் நடமாட்டம் குறைவு, நோயும் முரடு. நான்காவது, இந்த மூன்றிலும் சேராத பெருங்கூட்டம். அதற்குள்ளேயே ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

இளங்கோ: பி.டி.-1 என்பது டி செல்லை நிறுத்தும் பிரேக் என்கிறார்கள். அப்படியானால் கட்டியில் பி.டி.-1 அதிகமாக இருப்பது கெட்ட செய்திதானே?

பலர் வழுக்கி விழும் இடம் இது. 1992இல் ஜப்பானில் டசுக்கு ஹோன்ஜோவின் ஆய்வகம் பி.டி.-1ஐக் கண்டுபிடித்தபோது, செல் தற்கொலையோடு தொடர்புடைய மரபணு என்றுதான் நினைத்தார்கள். பெயரும் (பி.டி. என்றால் "திட்டமிட்ட சாவு") அப்படியே ஒட்டிக்கொண்டது. பிரேக் என்பது பிறகுதான் தெரிந்தது. 2018இல் ஹோன்ஜோவுக்கும் அமெரிக்க நோய் எதிர்ப்பு ஆய்வாளர் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் நோபல் கிடைத்தது.

இப்போது உங்கள் கேள்வி. கட்டிக்குள் இருக்கும் டி செல்கள் எல்லாம் கட்டியைப் பார்த்து வந்தவை அல்ல. எப்போதோ வந்த ஃப்ளூவுக்காகப் பழகிய செல்லும் சும்மா உள்ளே உலாத்திக்கொண்டிருக்கும். அதற்கு எதிரியே கண்ணில் படுவதில்லை என்பதால் பி.டி.-1 ஏறாது. எதிரியை அடையாளம் கண்டு, வாரக்கணக்கில் மோதி மோதிக் களைத்த செல்லில்தான் பி.டி.-1, டாக்ஸ், லேக்-3, சி.எக்ஸ்.சி.எல்.13 என்ற மரபணுக்கள் எல்லாம் சேர்ந்து ஏறும். ஆங்கிலத்தில் இதைக் களைத்துப்போன செல் என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது, ஏனென்றால் இவற்றில் பலவற்றில் கிரான்சைம் நகலும் கூடவே நிறைய இருக்கும். கை ஓயவில்லை, கட்டிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் கட்டி முழுவதையும் அரைத்து பி.டி.-1 எவ்வளவு என்று மொத்தமாக அளந்தால் பாதிக் கதைதான் தெரியும். அதே பி.டி.-1 ஃபாக்ஸ்பி3 செல்லில் இருந்தால் பொருளே வேறு, ஏனென்றால் அந்த செல்லின் வேலை மற்றவர்களை அடக்குவது. எந்த செல்லில், கூட எந்த மரபணுக்களோடு என்பதைப் பார்க்காமல் ஒரு மரபணுவை வைத்து நல்லது கெட்டது சொல்லக் கூடாது.

பாத்திமா: அம்மாவின் கட்டியில் எம்.எல்.ஹெச்.1 புரதம் இல்லை என்றார்கள். ஆனால் பரம்பரை நோயான லிஞ்ச் இல்லையாம். அது எப்படி?

எம்.எல்.ஹெச்.1 என்பது எம்.எம்.ஆர். அமைப்பின் ஒரு புரதம். அதற்கான மரபணுவின் எழுத்து சரியாகவே இருக்கலாம். அதன் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற வேதிப்பூட்டு விழுந்து, செல்லால் படிக்க முடியாமல் போயிருக்கும். இந்தப் புற்றுநோயில் எம்.எம்.ஆர். கெடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இது கட்டியில் நடப்பது, பிள்ளைகளுக்குப் போவதில்லை. உங்கள் மருத்துவர் சொன்னது அதைத்தான் என்று தோன்றுகிறது.

சிகிச்சையிலும் இந்த வித்தியாசம் தெரிகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எம்.எம்.ஆர். கெட்ட 24 பெண்களுக்கு, பி.டி.-1 பிரேக்கை விடுவிக்கும் மருந்தான பெம்ப்ரோலிசுமாப் கொடுத்துப் பார்த்தார்கள். எழுத்தே பிழையான 6 பேருக்கும் கட்டி சுருங்கியது. பூட்டு விழுந்த 18 பேரில் 8 பேருக்குச் சுருங்கியது. செல் செல்லாகப் பார்த்தபோது, முதல் குழுவில் சி.டி.8 என்ற கொல்லும் வகை டி செல்கள் களத்தில் இருந்தன, இரண்டாம் குழுவில் பலன் கிடைத்தவர்களிடம் என்.கே. (இயற்கைக் கொலையாளி) செல்கள் துடிப்பாக இருந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் ஒரே மருந்துக்கு இரண்டு வழி என்பது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

அம்மாவுக்கு வாய்ப்பு குறைவு என்று இதைப் படித்துவிடாதீர்கள். நோய் முற்றிய அல்லது திரும்பிய, எம்.எம்.ஆர். கெட்ட நோயாளிகளிடம் நடந்த ரூபி என்ற பெரிய சோதனையில், கீமோவோடு அதே வகை மருந்தான டோஸ்டார்லிமாப் சேர்த்தவர்களில் 61.4 சதவீதம் பேருக்கு இரண்டு வருடம் வரை நோய் முன்னேறவில்லை. கீமோ மட்டும் பெற்றவர்களில் அது 15.7 சதவீதம்.

குமரன்: மேக்ரோபேஜில் எம்1 நல்லது, எம்2 கெட்டது. சரியா?

பரீட்சைக்குச் சரி. மேக்ரோபேஜ் என்பது கிருமியையும் செத்த செல்லையும் விழுங்கும் செல்; எம்1 அதன் தாக்கும் முகம், எம்2 ஆற்றும் முகம். உண்மையான கட்டியில் இரண்டின் மரபணுக்களும் ஒரே செல்லில் ஒன்றாக ஓடும்.

தேன்மொழி: இந்த ஒற்றை செல் டெஸ்ட்டை எங்கே எடுக்கலாம்?

எடுக்க வேண்டாம், அது ஆராய்ச்சிக்கு. சிகிச்சைக்குத் தேவையானது நான்கு எம்.எம்.ஆர். புரதங்களுக்கும் பி53க்கும் செய்யும் சாயச் சோதனை, தேவைப்பட்டால் போலி மரபணுவைப் படிப்பது. அறுவையில் எடுத்து மெழுகில் பதித்து வைத்த திசுவே இதற்குப் போதும். அந்த மெழுகுக் கட்டையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ரேவதி: கருப்பையில் சாதாரணமாகவே என்.கே. செல்கள் இருக்குமாமே. அவையே புற்றுநோயைக் கொல்லாதா?

இருக்கும். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் அங்குள்ள வெள்ளணுக்களில் சுமார் 70 சதவீதம் அவைதான். ஆனால் பெயரில் கொலையாளி என்று இருந்தாலும் குணம் வேறு: நஞ்சுக்கொடிக்கு ரத்தக்குழாய்களைச் சீர்செய்து கொடுக்கும் சாதுக்கள். ரத்தத்தில் ஓடும் என்.கே. செல்களில் பெரும்பாலானவற்றில் சி.டி.16 என்ற புரதம் இருக்கும், இவற்றில் இருக்காது. ஆகவே கட்டியில் என்.கே. செல் கிடைத்தால் நாங்கள் முதலில் பார்ப்பது, இது வீட்டு ஆளா, வெளியிலிருந்து வந்ததா என்பதைத்தான்.