கைப்பிடியில் ஒரு கார்கன்

அன்புள்ள ஐயா,

பிரான்சில் கிடைத்த வீக்ஸ் வெண்கலக் கலத்தின் படம் பார்த்தேன். கைப்பிடியில் நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு கார்கன், அதாவது கிரேக்கப் புராணத்தின் பாம்புக் கூந்தல் அரக்கி. கிரேக்கக் கலங்களில் வரும் இப்படிப்பட்ட உருவங்கள் எல்லாமே தீய சக்தியை விரட்டத்தான் என்கிறார் நண்பர். உண்மையா? அழகுக்காகவும் வைத்திருக்கலாம் இல்லையா?

கே.

அன்புள்ள கே.,

கார்கனைப் பொறுத்தவரை நண்பர் சொல்வது ஓரளவு சரி. கேடயத்திலும் கோயில் முகப்பிலும்கூட அதே முகத்தை வைத்தார்கள். ஆனால் எல்லா உருவத்துக்கும் அதே விடையைச் சொல்வது சோம்பேறித்தனம். உருவம் கலத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வீக்ஸ் கலம் 1953இல் பழங்கால ஐரோப்பாவின் கெல்ட் இனப் பெண் ஒருத்தியின் கல்லறையில் கிடைத்தது. உயரம் 1.64 மீட்டர், எடை சுமார் 208 கிலோ. 1,100 லிட்டர் பிடிக்கும். (யார் குடித்து முடித்தார்களோ!) அதன் வயிற்றுப் பகுதி தட்டித் தட்டி உருவாக்கிய மெல்லிய தகடு, அதில் ஒரு உருவமும் இல்லை. கார்கன், பாம்பு, சிங்கம் எல்லாம் தனியாக வார்த்துப் பொருத்திய கைப்பிடிகளில்தான். சடையும் கோரைப்பல்லும் வார்ப்பில் நன்றாக வரும், அப்புறம் கைப்பிடி சேரும் இடமும் மறைந்துவிடும். தண்ணீர்க் குடங்களின் கைப்பிடி அடியில் சைரன் (பெண் தலையும் பறவை உடலும் கொண்டது) சிறகை விரித்து நிற்பதும் இப்படித்தான். குடத்தோடு ஒட்டும் தகட்டை அந்தச் சிறகு அகலமாக்குகிறது. கொல்லனுக்கு வேண்டியதும் அதுதான்.

கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபினின் கதை வேறு. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தின் சாமோஸ் தீவு, ஒலிம்பியா கோயில்களுக்குக் காணிக்கையாக வந்த கொப்பரைகளில், திறந்த அலகும் நிமிர்ந்த காதுமாக அதன் தலைகள் சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும். எதையும் அவை தாங்குவதில்லை. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு சம்பவம் சொல்கிறார். கொலையோஸ் என்ற சாமோஸ்காரரின் கப்பலைக் காற்று அடித்துக்கொண்டு போய் ஸ்பெயின் பக்கம் டார்டெஸ்ஸோஸில் சேர்த்தது. கொள்ளை லாபம். அதில் பத்தில் ஒரு பங்கான 6 தாலந்தில் (பழைய கிரேக்கப் பண அளவு) கிரிஃபின் தலைகள் சூழ்ந்த ஒரு வெண்கலக் கலம் செய்து, மண்டியிட்ட 7 முழ உருவங்கள் மூன்றின் மேல் ஏற்றி, சாமோஸில் ஹேரா தேவியின் கோயிலில் வைத்தார்கள். பேய் விரட்ட இவ்வளவு செலவு எதற்கு? என் கணிப்பில் அது பக்தியும் பகட்டும் கலந்த காரியம்.

மெல்லிய கொப்பரைகள் பெரும்பாலும் அழிந்துபோக, தலைகள் மட்டும் மிஞ்சின. அருங்காட்சியகத்தில் அவற்றைத் தனிச் சிற்பம் என்றே நினைக்கத் தோன்றும். கழுத்தின் அடியில் ஆணித் துளைகள் இருக்கும், பாருங்கள்.