தோட்டாவை வீட்டில் நிரப்பலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் வசிக்கும் என் மருமகன் துப்பாக்கி சுடும் போட்டிகளில் கலந்துகொள்கிறார். சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே மருந்து நிரப்பி மறுபடியும் பயன்படுத்துகிறார். கடையில் தோட்டா கிடைக்கும்போது இந்த வேலை எதற்கு? ஆபத்து இல்லையா?
– கும்பகோணம் வாசகி

பதில்: உங்கள் மருமகன் செய்வது அந்த நாட்டில் சட்டத்துக்கு உட்பட்ட, நெடுநாளாக வேரூன்றிய பழக்கம். ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி எழுப்பும் பிரைமர், உள்ளே எரியும் மருந்து, முனையில் இருந்து பறக்கும் குண்டு. சுட்ட பிறகு மற்ற மூன்றும் தீர்ந்துபோக, கூடு மட்டும் எஞ்சுகிறது. பல முறை பயன்படக்கூடிய அந்தக் கூட்டை வீசி எறிய யாருக்கும் மனம் வராது.

ஆனால் போட்டியாளர்கள் சிக்கனத்துக்காக மட்டும் இதைச் செய்வதில்லை. அவர் வசிக்கும் ஓஹையோவிலேயே, ஈரி ஏரிக் கரையில் உள்ள கேம்ப் பெர்ரிக்கு 1907-ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகள் வந்தன. தொலைதூரப் பிரிவில் 1000 கஜம், அதாவது சுமார் 914 மீட்டர் தள்ளியுள்ள இலக்கைச் சுட வேண்டும். குண்டு அங்கே போய்ச் சேர ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதைப் பல மீட்டர் கீழே இழுத்துவிடும். ஒரு குண்டு சற்று வேகமாகவும் அடுத்தது சற்று மெதுவாகவும் கிளம்பினால், ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் விழும். சுட்டவரின் கை எவ்வளவு நிலையாக இருந்தாலும் பயன் இல்லை. ஆகவே ஒவ்வொரு தோட்டாவும் முந்தையதைப் போலவே இருக்க வேண்டும் என்று அவர்கள் பாடுபடுகிறார்கள். மருந்தைப் பத்தில் ஒரு கிரெய்ன் வரை நிறுத்துப் போடுகிறார்கள். ஒரு கிரெய்ன் என்பதே சுமார் 65 மில்லிகிராம்தான். சுடும்போது கூடு விரிந்து, அந்தத் துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் அளவுக்கே வந்துவிடுவதால், அதை மிகச் சிறிதளவே இறுக்கி மறுபடியும் பயன்படுத்தினால், அந்தத் துப்பாக்கிக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்தும். இந்தப் பொருத்தம் கடைத் தோட்டாவில் எளிதில் கிடைக்காது.

ஆபத்து உண்டா என்றால், நிச்சயமாக உண்டு. கைத்துப்பாக்கித் தோட்டாவில் மருந்து கூட்டின் சிறு பகுதியையே அடைக்கும். எனவே கவனம் சிதறி இரண்டாம் முறையும் மருந்து போட்டுவிட்டால், அது வெளியே வழியாமல் உள்ளேயே அடங்கிவிடும்; சுடும்போது அழுத்தம் தாங்காமல் துப்பாக்கி வெடித்துவிடலாம். மருந்தே போடாமல் விட்டாலும் ஆபத்துதான்: பிரைமரின் விசை மட்டும் குண்டைத் தள்ளி, அது குழலுக்குள் பாதியில் நின்றுவிடும், அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளந்துவிடும். அனுபவசாலிகள் மேசையில் ஒரே வகை மருந்தைத்தான் வைத்திருப்பார்கள். வெளியிடப்பட்ட அளவு அட்டவணையை விட்டு விலக மாட்டார்கள். குண்டைப் பொருத்தும் முன் கூடுகளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, டார்ச் வெளிச்சத்தில் எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் மருமகன் அந்த மேசையில் இருக்கும்போது வீட்டில் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது பெரிய உதவி.

கேள்வி: நம் ஊரில் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர் இதைச் செய்யலாமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் இதற்குப் போதாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5-ஆம் பிரிவு, அதற்கென உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மீறுபவருக்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை. ஆயுள் தண்டனை வரையிலும் போகலாம். இணையத்தில் காணொளி பார்த்து முயலும் இளைஞர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: என் மகள் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குப் போகிறாள். ஒலிம்பிக் வீரர்களும் தோட்டாவைத் தாமே நிரப்புவார்களா? அவள் எதில் கவனம் செலுத்த வேண்டும்?
– கோவை வாசகர்

பதில்: ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் நிரப்புவதற்கு இடமே இல்லை. ஏர் ரைஃபிளில் மருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்றுதான் 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட்டைத் தள்ளுகிறது. ஐம்பது மீட்டர் பிரிவில் பயன்படும் பாயின்ட் 22 தோட்டாவில், பொறி எழுப்பும் கலவை கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே இருக்கும். சுட்டதும் விளிம்பு நசுங்கிவிடுவதால் அதை மீண்டும் நிரப்ப நடைமுறையில் வழியில்லை. இவர்கள் தயாரிப்பதில்லை, தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே ஆலையில் அடுத்தடுத்து வரும் தொகுதிகளுக்குள்ளும் நுண்ணிய வேறுபாடு இருக்கும். எனவே ரைஃபிளைப் பிடிப்பானில் அசையாமல் பொருத்தி, பல தொகுதிகளைச் சுட்டு, துளைகள் மிக நெருக்கமாக விழும் தொகுதியை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்கத் தோன்றும். ஏர் ரைஃபிள் இலக்கின் நடுவில், பத்து மதிப்பெண் தரும் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர் அகலம். அதன் மையத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அதற்கேற்ப மதிப்பெண் 10.9 வரை கூடும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 60 குண்டுகளில் 630.7 புள்ளிகள் எடுத்தார்; சராசரியாக ஒவ்வொரு குண்டுக்கும் 10.5-க்கு மேல். அப்படியும் அவருக்குப் பத்தாம் இடமே கிடைத்தது. இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான் போக முடியும்.

என்றாலும், தொடக்க நிலையில் உள்ள உங்கள் மகள் பெல்லட் தொகுதியைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். நிற்கும் நிலை, மூச்சு, டிரிகரை அதிராமல் அழுத்தும் பழக்கம் ஆகியவையே முதலில் கைவர வேண்டும். பயிற்சியாளர் அனுமதித்தால், பெல்லட் இல்லாமல் வெறுமனே குறிபார்த்து டிரிகரை அழுத்தும் 'டிரை ஃபயரிங்' பயிற்சியை நாள்தோறும் செய்யட்டும். அதற்கு செலவே இல்லை. வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. பெல்லட் ஈயம் என்பதால், பயிற்சி முடிந்ததும் சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காற்று உருளையில் பொறித்திருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள். அது கடந்துவிட்டால் உருளையை மாற்றியே ஆக வேண்டும்.