104 டெசிபெல் ஹார்ன் ஸ்பீக்கருக்கு என்னிடம் இருக்கும் 150 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போதுமா? கேட்டவர்கள் அனுபவம் சொல்லுங்களேன்.

போதுமா என்று கேட்கிறீர்கள். வாட் கணக்கில் பார்த்தால் தேவைக்குப் பல மடங்கு அதிகம். ஆனால் அதே கேள்வியோடு என் 150 வாட் டிரான்சிஸ்டர் ஆம்பைத் தூக்கிக்கொண்டு போய் நான் ஏமாந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என்னைவிட மூத்த நண்பர் ஒருவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், சொந்தமாக மூன்று வழி ஹார்ன் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார். கீழே பீரோ அளவில் பாஸ் ஹார்ன், அதன்மேல் மரத்தில் கடைந்த நடு ஹார்ன், உச்சியில் கீச்சொலிகளுக்கான கையகல ட்வீட்டர். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 104 டெசிபெல். இரண்டு வருடமாக விடுமுறை நாட்களில் அங்கே உட்கார்ந்து நான்கு ஆம்ப்களோடு கேட்டிருக்கிறேன்.

ஹார்ன் என்றதும் பொதுக்கூட்டத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்தான் என் நினைவுக்கு வந்தது. காதைப் பொத்திக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். அண்ணன் வால்யூமை மிகக் குறைவாக வைத்தார், நாங்கள் பேசுவதைவிடக் குறைவு. அந்தச் சன்னமான அளவில் மிருதங்கத்தின் தொப்பியில் கை வழுக்கி எழும் கும்கி முழுசாகக் கேட்டது. தோலை அழுத்துவதும் விடுவதும் தனித்தனியாகத் தெரிந்தன. என் வீட்டு ஸ்பீக்கரில் அதே பதிவில் அந்த இடத்தில் ஒரு 'தொம்' மட்டும்தான் வரும். பாடகர் அடுத்த வரிக்கு மூச்சு இழுக்குமுன் உதடு பிரிகிற சத்தம் வந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

மெல்லியதற்கும் பலமானதற்கும் இடையிலுள்ள தூரம் சுருங்காமல் வருவதுதான் ஹார்னின் அழகு. சத்தமாகப் பாடுவது அதன் ஒரு பகுதிதான். காரணம் காற்று. சாதாரணக் கூம்புத்தாள் ஸ்பீக்கர் தளர்வான காற்றைத் தள்ளிப் பிடியில்லாமல் ஆடுகிறது. வாங்கும் மின்சாரத்தில் ஒரு சதவீதம் ஒலியானாலே பெரிய விஷயம், மிச்சமெல்லாம் சூடு. ஹார்னின் குறுகிய தொண்டை டயஃப்ரத்துக்கு (அதிர்ந்து ஒலி எழுப்பும் தகடு) எதிரே காற்றை இறுக்கமாக நிறுத்தி, வாய் வரை கொஞ்சம் கொஞ்சமாக விரித்துவிடுகிறது. அப்போது பத்து சதவீதத்துக்கு மேலும் ஒலியாக மாறும். டயஃப்ரம் அசைய வேண்டிய தூரம் குறைகிறது, சுருள் சூடாவதும் குறைகிறது, அதனால் திடீரென்று வரும் அடி மழுங்குவதில்லை.

இனி என் ஆம்ப். இணைத்துவிட்டு, பாட்டு போடும் முன்பே அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, முதல்ல நடு ஹார்ன்கிட்ட காதை வைங்க." வைத்தேன். உஸ்ஸ் என்று நிற்காத இரைச்சல். நான்கடி தள்ளி வந்தும் கேட்டது. என் வீட்டில் அந்த ஆம்ப் சுத்தமாக அமைதியாக இருக்கும்.

கணக்கு போட்டுப் பார்த்தால் ஆச்சரியமே இல்லை. ஆம்ப் வெளியே விடும் இரைச்சல் ஒரு மில்லிவோல்ட் என்று வையுங்கள். 8 ஓமில் ஒரு வாட் என்பது 2.83 வோல்ட், அதற்கு இது 69 டெசிபெல் கீழே. 88 டெசிபெல் ஸ்பீக்கரில் அந்த இரைச்சல் 19 டெசிபெல், அறையின் சொந்தச் சத்தத்திலேயே மூழ்கிப்போகும். 104 டெசிபெல் ஹார்னில் அதுவே 35. அமைதியான அறையில் நன்றாகக் கேட்கும். அடுத்தது வால்யூம் குமிழ். சாவகாசமாகக் கேட்க 80 டெசிபெல் போதும், அதற்கு இந்த ஸ்பீக்கருக்கு வேண்டியது வெறும் 4 மில்லிவாட். என் ஆம்பின் குமிழை நூலளவு நகர்த்தியதுமே அதைத் தாண்டிவிட்டது. அந்த நூலளவில் இடமும் வலமும் சமமாகவும் இல்லை, பாடகர் இடப்பக்கம் சாய்ந்தே நின்றார்.

என்னுடையது போன்ற ஏபி வகை ஆம்ப் (அலையின் இரு பாதிகளை இரண்டு டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் பங்கிட்டுக்கொள்வது; ஏ வகையில் டிரான்சிஸ்டர் அணையாமல் எப்போதும் ஓடும்) குறைந்த ஒலியில் கெட்டுப்போகும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள், அதை நான் ஏற்கவில்லை. பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டம், தாராளமாக வைத்த ஏபி ஆம்ப், வாட்டில் ஒரு சிறு பங்கு வரை ஏ வகையாகவேதான் ஓடும். என் ஆம்பின் குறை இரைச்சலும், தேவைக்கு மிஞ்சிய கெயினும் (சிக்னலைப் பெருக்கும் அளவு)தான்.

அடுத்து 300பி வால்வு ஆம்ப், ஒற்றை முனை (ஒரே வால்வு முழு அலையையும் கையாள்வது), எட்டு வாட் அளவு. 1930களில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கொண்டுவந்த வால்வு இன்றும் தயாரிக்கப்படுகிறது என்றால் அதற்குக் காரணம் புரிய ஒரு மாலை முழுக்கக் கேட்டாலே போதும். குரலுக்கு உடம்பு வந்தது. வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் செய்யும்போது ஸ்வரம் நகர்கிற பாதை தெரிந்தது. இரண்டு இடத்தில் உறுத்தியது. ஒன்று, வால்வைச் சூடாக்கும் இழைக்கு மாறுமின்னோட்டம் கொடுப்பதால் அடியில் ஒரு மெல்லிய உறுமல். ஆம்பிலிருக்கும் சிறு திருகை வைத்து அதைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவர அண்ணன் அரை மணி நேரம் குனிந்தே இருந்தார், முழுதாகப் போகவில்லை. இன்னொன்று பாஸ். எதிர்ப்பின்னூட்டம் (வெளியீட்டை உள்ளீட்டோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்தும் ஏற்பாடு) இல்லாத இந்த வகை ஆம்பின் வெளியீட்டு மின்தடை இரண்டு மூன்று ஓம் வரை இருக்கும். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) எங்கெல்லாம் ஏறுகிறதோ அங்கெல்லாம் ஒலியும் ஏறும். தவிலின் பெரிய அடி சற்று ஊதிப்போய் வந்தது. 2ஏ3 வால்வும் அதே குடும்பம்தான், மூன்றரை வாட். குரலுக்கு இன்னும் நயம், மற்றபடி அதே கதை.

நான்காவது, பத்து வாட் தரும் ஏ வகை டிரான்சிஸ்டர் ஆம்ப், அண்ணன் கையால் கட்டியது. ஆம்ப் வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ் (Pass) தன் ஃபர்ஸ்ட் வாட் ஆம்ப்களில் எடுத்துக்கொண்ட வழி இது: முதல் வாட்டைச் சரியாகச் செய், மற்றது பிறகு. ஹார்னுக்குள் காதை விட்டாலும் எதுவும் கேட்கவில்லை. பாஸ் கட்டுக்குள் நின்றது. 300பி தந்த அந்த உடம்பில் கொஞ்சம் குறைந்ததையும் சொல்லியாக வேண்டும். இருந்தும், இதில்தான் நான் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். என் ஓட்டு இதற்கே.

ஹார்னின் குறைகளையும் மறைக்க வேண்டாம். தொடக்கத்தில் அந்த நடு ஹார்னில் பெண் குரல் மேல்ஸ்தாயிக்குப் போனால் கையைக் குவித்துப் பேசுவது போல இருந்தது. கிராஸ்ஓவரை, அதாவது ஒலியை ஹார்ன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் எல்லையை, 500 ஹெர்ட்ஸிலிருந்து 700க்கு ஏற்றிய பிறகுதான் தெளிந்தது. எந்த ஹார்னையும் அதன் கீழ் எல்லை வரை இழுத்தால் இந்தக் குவிப்புச் சத்தம் வரும். பாஸுக்கு இடமும் வேண்டும். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 6.9 மீட்டர், ஹார்ன் வாயின் சுற்றளவு அவ்வளவு வேண்டும், அதாவது 2.2 மீட்டர் விட்டம். ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் பால் கிளிப்ஷ் 1940களில் அறையின் மூலைச் சுவர்களையே ஹார்னின் நீட்சியாக்கி இதைச் சமாளித்தார், அந்த கிளிப்ஷ்ஹார்ன் இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. ஜெர்மனியின் அவான்ட்கார்ட் போன்ற ஸ்பீக்கர் நிறுவனங்கள் பாஸுக்கு உள்ளேயே தனி ஆம்ப் வைத்துவிடுகின்றன. அப்படிப்பட்ட ஸ்பீக்கர் என்றால் 300பியின் பாஸ் குறை உங்களைத் தொடாது, தயங்காமல் வால்வுக்குப் போகலாம்.

உங்கள் 150 வாட் ஆம்பை விற்றுவிட வேண்டாம். முதலில் இணைத்து, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து கேளுங்கள். மூன்று மீட்டராவது தள்ளி உட்காருங்கள், அதற்குள் மூன்று ஹார்ன்களும் ஒன்று சேராது. இரைச்சல் கேட்கவில்லையென்றால் கவலையே இல்லை. கேட்டால், வால்யூம் குமிழ் இருக்கும் முன்நிலை ஆம்பான ப்ரீஆம்பைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்பின் உள்ளீட்டை ஷார்ட் செய்து (உள்ளீட்டு முனையின் இரு பகுதிகளையும் ஒன்றாகச் சேர்த்து) மறுபடி கேளுங்கள். இரைச்சல் போய்விட்டால் அது ப்ரீஆம்பின் சத்தம்; பவர் ஆம்பின் உள்ளீட்டில் ஒரு அட்டனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் கருவி) போட்டால் தீரும், குமிழும் வசதியாகத் திரும்பும். போகவில்லையென்றால் பவர் ஆம்பின் சொந்தச் சத்தம். அதை உள்ளீட்டில் எதைச் செய்தும் அடக்க முடியாது. நடு ஹார்னின் டிரைவருக்கு (ஹார்னுக்குள் ஒலி எழுப்பும் பாகம்) முன்னால் ஒரு எல்-பேட், அதாவது அந்த டிரைவரின் ஒலியை மட்டும் குறைக்கும் மின்தடைச் சுற்று, இருக்கிறதா என்று கிராஸ்ஓவர் பெட்டியைத் திறந்து பாருங்கள். நடு டிரைவர் பாஸைவிடப் பல டெசிபெல் சத்தமாக இருப்பதால் பெரும்பாலும் அங்கே குறைக்க இடமிருக்கும்.